கலிஃபோர்னியா ஃப்ரீமான்ட்ல புள்ளைங்கள ஸ்கூலுக்கு அனுப்புற தமிழ் அப்பா அம்மாக்களுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

ஆர்டன்வுட்ல பல வருஷமா இருக்கறவங்க, வார்ம் ஸ்ப்ரிங்ஸ்ல பார்ட் ரயில் ஸ்டேஷன் பக்கத்துல புது அபார்ட்மென்ட்டுக்கு இப்பதான் குடி வந்தவங்க, மிஷன் சான் ஹோசே பக்கம் தலைக்கு மேல கடன் வாங்கி வீடு வாங்கினவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இத எழுதுறேன். எனக்கு ரெண்டு புள்ளைங்க, பெரியவ ஹைஸ்கூல், சின்னவன் அஞ்சாங்கிளாஸ், ரெண்டு பேருமே கிண்டர்கார்டன்லேர்ந்து ஃப்ரீமான்ட் யுனிஃபைட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்ல, அதாவது இந்த ஊர் அரசு ஸ்கூலுங்கள நடத்தற அமைப்புலதான் படிக்கிறாங்க. பத்து வருஷமா நான் பண்ணின தப்புங்களும் இதுல வரும், அதனால யாரையும் குத்தம் சொல்றேன்னு எடுத்துக்காதீங்க.

போன மாசம் ஒரு ஸ்கூல் போர்டு மீட்டிங்குக்குப் போயிருந்தேன். பட்ஜெட் பத்தி பேச்சு, எந்த வேலைய எடுக்கறது, எந்த ப்ரோக்ராம வெட்டறதுன்னு. நம்ம புள்ளைங்க படிக்கிற கிளாஸ்ல பாதிக்குப் பாதி இந்திய முகமா இருக்குமே, அந்த ஹால்ல நான் தேடித் தேடிப் பார்த்தும் நம்மாளுங்க கைவிரல் எண்ணிக்கைக்குக்கூட வரல. அதே வாரம் கோயில்ல, பொறந்தநாள் பார்ட்டில, கிரிக்கெட் க்ரவுண்ட்ல எங்க பார்த்தாலும் ஸ்கூல் பேச்சுதான், எந்த ஸ்கூல் ரேட்டிங் பத்து, எது எட்டுக்கு எறங்கிடுச்சு, எந்தத் தெருவுக்கு எந்த ஹைஸ்கூல் வரும். வீடு வாங்கும்போதே அந்த ஸ்கூலயும் சேர்த்து வாங்கிட்டோம்னு ஒரு நெனப்பு நமக்குள்ள ஊறிப்போச்சு. காசு குடுத்தாச்சு, இனி சாமான் சரியா வரணும், அவ்வளவுதான். அந்த நெனப்பு தப்புன்னு சொல்லத்தான் இந்த மடல்.

முதல்ல காசு விஷயத்தையே எடுத்துக்குவோம், ஏன்னா அதுலதான் நெறைய பேருக்குக் கொழப்பம். "நாங்க இவ்வளவு ப்ராப்பர்ட்டி டாக்ஸ் கட்டறோம், ஸ்கூல்ல ஏன் காசு இல்லங்கறாங்க"ன்னு கேக்காத ஆளே இல்ல. நானும் கேட்டிருக்கேன். கலிஃபோர்னியால 1978ல ப்ரொபொசிஷன் 13 வந்ததுலேர்ந்து சொத்து வரி அடிப்படையா ஒரு சதவீதம், வருஷத்துக்கு மதிப்பு ரெண்டு சதவீதத்துக்கு மேல ஏறாது, அதனால நாப்பது வருஷம் முன்னாடி வீடு வாங்கின பக்கத்து வீட்டுத் தாத்தா கட்டறது வேற, நீங்க கட்டறது வேற. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 2013லேர்ந்து ஒரு புள்ளைக்கு இவ்வளவுன்னு மாநிலம் ஒரு ஃபார்முலா வெச்சிருக்கு, அந்தத் தொகையில நம்ம ஊர் சொத்து வரியக் கழிச்சிட்டு மிச்சத்ததான் மாநிலம் தரும். நீங்க வரி கூடக் கட்டினா மாநிலம் தன் பங்கக் கொறச்சுக்கும், மொத்தம் அதேதான். பாலோ ஆல்டோ மாதிரி சில டிஸ்ட்ரிக்ட்ல சொத்து வரியே அந்த ஃபார்முலாவத் தாண்டிப் போயிடுது, அவங்க அத அப்படியே வெச்சுக்கலாம், அதனாலதான் அங்க ஒரு புள்ளைக்குச் செலவு பண்றதும் இங்க பண்றதும் எட்டாத தூரத்துல நிக்குது. நம்ம ஊர்ல வீட்டு வெல எவ்வளவு ஏறினாலும் ஸ்கூலுக்கு வர்ற காசு அந்த ஃபார்முலா காசுதான்.

அந்த ஃபார்முலால இன்னொரு பகுதியும் இருக்கு. வசதி கொறஞ்ச வீட்டுப் புள்ளைங்க, இங்கிலீஷ் இன்னும் கத்துக்கிட்டிருக்கற புள்ளைங்க, ஃபாஸ்டர் கேர்ல, அதாவது பெத்தவங்ககிட்ட இல்லாம அரசாங்கப் பொறுப்புல வளர்ற புள்ளைங்க, இவங்களுக்கு ஆளுக்கு 20 சதவீதம் கூடுதலா வரும். அப்படிப்பட்டவங்க டிஸ்ட்ரிக்ட்ல 55 சதவீதத்துக்கு மேல இருந்தா அதுக்கும் மேல இன்னொரு தொகை. அது நியாயம்தான், அந்தப் புள்ளைங்களுக்குத் தேவை அதிகம், நான் அத எதிர்த்துப் பேசல. ஆனா நம்ம டிஸ்ட்ரிக்ட்ல அந்தப் பங்கு கொறைவு, அதனால பெரும்பாலும் அடிப்படைத் தொகைய வெச்சே காலத்த ஓட்டணும். என் பையனோட முந்தின டீச்சர் ட்ரேசிலேர்ந்து தினம் காலைல அந்த 580, 680 ட்ராஃபிக்ல வந்து போயிட்டிருந்தாங்க, சம்பளம் அவ்வளவுதான், இங்க வீடு வாங்க முடியாது. அவங்க போனதும் பாதி வருஷத்துக்கு மாத்தி மாத்தி சப்ஸ்டிட்யூட். அப்பக்கூட நாங்க அம்மாக்கள் ஒருத்தருக்கொருத்தர் மெசேஜ்ல பொலம்பினோமே தவிர ஒருத்தரும் எங்கயும் போய்ப் பேசல.

இப்ப நம்ம கையில இருக்கற விஷயத்துக்கு வர்றேன். இங்க ஸ்கூலுக்குக் காசு வர்றது பேர் பதிவாகியிருக்கற கணக்குல இல்ல, அன்னன்னைக்கு வந்து உக்கார்ற கணக்குல. சராசரி தினசரி வருகைன்னு வெச்சிருக்காங்க. அடிப்படைத் தொகை ஒரு புள்ளைக்கு வருஷத்துக்குத் தோராயமா 10,000 டாலர்னே வெச்சுக்குங்க, 180 நாள் ஸ்கூல், அப்ப ஒரு நாளைக்கு 55 டாலர் கிட்ட. காய்ச்சல்னு லெட்டர் குடுத்து லீவு போட்டாலும் அந்த நாள் காசு வராது, எக்ஸ்க்யூஸ்டா அன்எக்ஸ்க்யூஸ்டாங்கறதெல்லாம் புள்ளையோட ரெக்கார்டுக்குத்தான். காய்ச்சலோட அனுப்பச் சொல்லல, தயவு செஞ்சு அனுப்பாதீங்க. நான் சொல்றது டிசம்பர் ஜனவரி ஊருக்குப் போறத.

நம்மளுக்குத் தெரியாததா. லீவு ரெண்டு வாரம், அந்த ரெண்டு வாரத்துக்கு டிக்கெட் வெல கண்ணக் கட்டும், அதனால ஒரு வாரம் முன்னாடி கெளம்பி ஒரு வாரம் பின்னாடி வர்றது, அப்பறம் "இவ்வளவு தூரம் வந்துட்டு பொங்கலுக்கு இல்லாம போறியா"ன்னு அம்மா கேக்கறது, தை பொறந்தா கல்யாணம் வரிசை கட்டி நிக்கறது. கோடை லீவுல போகலாம்னா ஜூலை நடுவுல ஆடி வந்துடும், ஒரு விசேஷமும் இருக்காது, வெயிலும் தாங்காது. நானே ரெண்டு வருஷம் அஞ்சு வாரம் போயிருக்கேன். ஸ்கூல் ஆபீஸ்ல ஒரு ஈமெயில், "ஃபேமிலி எமர்ஜென்சி". எமர்ஜென்சி ஒண்ணும் இல்ல, தம்பி கல்யாணம். அந்தப் பொய்ய என் பொண்ணு பார்த்துட்டே இருந்தா, இன்னைக்கும் எனக்கு அது உறுத்துது.

பொய் சொல்லத் தேவையே இல்ல, அதுதான் இதுல கொடுமை. இன்டிபென்டன்ட் ஸ்டடின்னு ஒரு ஏற்பாடு இருக்கு, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஸ்கூல்ல கேட்டு, டீச்சர்கிட்ட வேலைய வாங்கி, ஒப்பந்தத்துல கையெழுத்து போட்டு, புள்ள அந்த வேலைய முடிச்சுக் குடுத்தா அந்த நாளுங்க வருகையா கணக்காகும், ஸ்கூலுக்குக் காசு நஷ்டமும் ஆகாது. குறுகிய காலத்துக்குன்னா 15 ஸ்கூல் நாள் வரைக்கும். மூணு வாரத்துக்கு இது போதும். இத டீச்சர்கிட்ட கெளம்பறதுக்கு முந்தின நாள் போய் நிக்காம ரெண்டு மூணு வாரம் முன்னாடியே கேளுங்க, அவங்களுக்கும் முப்பது புள்ளைங்க இருக்கு. அப்பறம் அந்த வேலைய நிஜமா முடிக்க வைங்க, ஊர்ல தாத்தா வீட்டுத் திண்ணைல உக்காந்து ஒரு மணி நேரம், அவ்வளவுதான் வேணும். ஒண்ணுமே சொல்லாம நீண்ட நாள் போனா, காரணம் இல்லாத மூணு நாளுக்கே ட்ரூவன்ட்னு, அதாவது மட்டம் போடற புள்ளைன்னு லெட்டர் வரும், வருஷத்துல பத்து சதவீத நாள், அதாவது 18 நாள், எந்தக் காரணத்துக்கு வராம போனாலும் க்ரானிக் ஆப்சென்டின்னு கணக்கு, அது அந்த ஸ்கூலோட மாநில ரிப்போர்ட்ல செவப்பா தெரியும், அப்பறம் நாமளே அந்த ரிப்போர்ட்டப் பார்த்துட்டு ஸ்கூல் சரியில்லன்னு பேசுவோம். பண்பாட்டு நிகழ்ச்சிக்கு லீவு போடறத எக்ஸ்க்யூஸ்டா ஏத்துக்கணும்னு 2021ல சட்டத்துலயே சேர்த்துட்டாங்க, பொங்கலுக்கு ஒரு நாள் போடறீங்கன்னா பொங்கல்னே எழுதுங்க. இங்க யாரும் சிரிக்க மாட்டாங்க.

அடுத்தது கொஞ்சம் கஷ்டமான விஷயம். முதல் தடவ ஸ்கூல்ல சேர்க்கும்போது ஹோம் லாங்குவேஜ் சர்வேன்னு ஒரு ஃபார்ம் குடுத்தாங்களே, ஞாபகம் இருக்கா. நாலு கேள்வி. புள்ள பேச ஆரம்பிச்சப்ப எந்த மொழி, வீட்ல புள்ள அதிகம் பேசற மொழி எது, நீங்க புள்ளைகிட்ட பேசற மொழி எது, வீட்ல பெரியவங்க பேசிக்கற மொழி எது. என் பொண்ணுக்கு நான் நாலுலயும் இங்கிலீஷ்னு எழுதினேன். அவ மொதல்ல சொன்ன வார்த்த "நெலா". அவ பாட்டி வீட்ல இருந்தாங்க, அவங்களுக்கு இங்கிலீஷே வராது. ஆனா லைப்ரரில பார்த்த ஒரு அக்கா சொன்னாங்க, தமிழ்னு எழுதாத, ஈஎல்ல, அதாவது இங்கிலீஷ் இன்னும் கத்துக்கற புள்ளைங்க பட்டியல்ல போட்டுடுவாங்க, தனியா உக்கார வெப்பாங்க, அந்த முத்திரை ஹைஸ்கூல் வரைக்கும் விட்டுப் போகாதுன்னு. பயந்துட்டேன். எனக்கப்பறம் வந்த நாலஞ்சு பேருக்கு நானும் அதையே சொல்லிக் குடுத்தேன், அதுக்குத்தான் இப்ப ரொம்ப வருத்தப்படறேன்.

நடக்கறது இதுதான். முதல் மூணு கேள்வில ஏதாவது ஒண்ணுக்கு வேற மொழி எழுதினா, சேர்ந்து 30 நாளைக்குள்ள எல்பாக்னு ஒரு இங்கிலீஷ் டெஸ்ட் வெப்பாங்க. நல்லா இங்கிலீஷ் பேசற புள்ளையா இருந்தா அந்த முதல் டெஸ்ட்லயே சரளம்னு வந்துடும், கதை முடிஞ்சுது. வரலன்னா ஈஎல்னு பதிவாகும், ஸ்கூல் அந்தப் புள்ளைக்கு இங்கிலீஷ் வளர்க்கற பாடம் கண்டிப்பா குடுத்தே ஆகணும், ஒவ்வொரு வருஷமும் டெஸ்ட், தேறினதும் எடுத்துடுவாங்க. அப்படி எடுக்கறதுக்கு நாலு அளவுகோல் பார்ப்பாங்க, அதுல ஒண்ணு பெத்தவங்களக் கலந்து பேசறது. சில புள்ளைங்க எழுத்துப் பகுதில தேறாம ரெண்டு மூணு வருஷம் நிக்கறதும் உண்டு, அத மறைக்கல. அப்படி நிக்கற புள்ளைக்கு உதவி வேணும்னுதானே அர்த்தம்? இங்கிலீஷ்னு எழுதிட்டா அந்த உதவியும் கெடைக்காது, மூணாங்கிளாஸ்ல வாசிப்புல பின்னாடி நிக்கும்போது நாம ட்யூஷன் சென்டர்ல காசு கட்டுவோம். அந்த ஃபார்ம் ஒரு தடவதான், கிண்டர்கார்டன்ல எழுதினது ரெக்கார்ட்ல அப்படியே வரும்.

இதுக்குப் பின்னாடி இருக்கற பெரிய விஷயம் என்னன்னா, அந்த ஃபார்ம வெச்சுத்தான் இந்த ஊர் ஸ்கூல்ல எத்தன வீட்ல என்ன மொழின்னு தெரியுது. ஒரு ஸ்கூல்ல 15 சதவீதமோ அதுக்கு மேலயோ புள்ளைங்களுக்கு இங்கிலீஷ் அல்லாத ஒரே மொழி தாய்மொழியா இருந்தா, வீட்டுக்கு அனுப்புற அறிவிப்பு எல்லாத்தையும் அந்த மொழிலயும் அனுப்பணும்னு கலிஃபோர்னியா சட்டம் இருக்கு. தமிழுக்கு அந்த அளவு எந்த ஸ்கூல்லயாவது வருமான்னு நாம எழுதினாத்தானே தெரியும். எங்க மாமியார் மாதிரி புள்ளைய தினம் கூட்டிட்டு வர்ற பாட்டிங்களுக்கு, "நாளைக்கு அர நாள்தான் ஸ்கூல்"னு ஒரு சீட்டு தமிழ்ல வந்தா எவ்வளவு நல்லா இருக்கும். ஒரு தடவ அப்படி ஒரு அர நாள்ல அவங்க ரெண்டு மணி நேரம் கழிச்சு கேட்டுக்குப் போய் நின்னாங்க, பையன் ஆபீஸ்ல அழுதுட்டு உக்காந்திருந்தான். தப்பு என்னோடதுதான், நான் அந்த ஈமெயில அவங்களுக்குப் படிச்சுச் சொல்லல.

சனிக்கெழம ஞாயித்துக்கெழம தமிழ் ஸ்கூலுக்கு அடிச்சுப் புடிச்சு கூட்டிட்டுப் போறோம், உயிர்மெய் எழுத வெக்கறோம், திருக்குறள் ஒப்பிக்க வெக்கறோம், அதே புள்ளைக்கு அரசாங்க ஃபார்ம்ல தமிழே வீட்ல இல்லன்னு எழுதறோம். ஹைஸ்கூல்ல சீல் ஆஃப் பைலிட்டரசின்னு ஒண்ணு இருக்கு, ரெண்டு மொழி தெரியும்னு டிப்ளமால முத்திரை, நாட்டுலயே முதல்ல கலிஃபோர்னியாதான் 2011ல அத சட்டமா கொண்டு வந்துச்சு. அப்ப மட்டும் தமிழ் தெரியும்னு ஓடி வர்றோம். அஞ்சு வயசுலயும் அதையே எழுதுவோமே.

இனி போர்டு. இங்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த அஞ்சு பேர்தான் எல்லாத்தையும் முடிவு பண்றாங்க, எந்தத் தெரு எந்த ஸ்கூல், எத்தன கவுன்சிலர், மியூசிக் டீச்சர் இருக்கணுமா வேணாமா. "நமக்கு ஓட்டு இல்ல, எச்1பி விசா, நாம போய் என்ன பண்றது"ன்னு நெறைய பேர் சொல்றீங்க. ஓட்டு இல்லதான். ஆனா பேசறதுக்கு ஓட்டு வேணாம். ப்ரவுன் ஆக்ட்னு 1953லேர்ந்து ஒரு சட்டம், மீட்டிங்குக்கு 72 மணி நேரம் முன்னாடி அஜெண்டா வெளிய போடணும், அதுல இருக்கற விஷயத்தப் பத்தி பொதுமக்கள் யார் வேணா பேசலாம். யாரும் பாஸ்போர்ட் கேக்க மாட்டாங்க. ரெண்டு மூணு நிமிஷம் குடுப்பாங்க, மணி அடிச்சா நிறுத்திடணும், உங்க ஆக்சென்ட்டப் பத்தியெல்லாம் யாரும் கவலப்பட மாட்டாங்க, எனக்குக் கை நடுங்குச்சு, பேப்பரப் பார்த்து வாசிச்சேன், அது போதும்.

நீங்க நெனைக்கலாம், பேசி என்ன மாறப் போகுதுன்னு. பக்கத்துல ஓக்லண்ட்ல 2022 பிப்ரவரில அந்த ஊர் போர்டு பல ஸ்கூலுங்கள மூடறது, சேர்க்கறதுன்னு ஓட்டுப் போட்டுச்சு, புள்ளைங்க எண்ணிக்கை கொறஞ்சு போச்சு, காசு இல்லன்னு காரணம். ஸ்கூல்ல வேல பார்க்கற ரெண்டு பேர் உண்ணாவிரதம் இருந்தாங்க, பெத்தவங்க தெருவுல நின்னாங்க, மீட்டிங் மீட்டிங்கா போய்ப் பேசினாங்க, அந்த வருஷக் கடைசில தேர்தல், 2023 ஜனவரில புது போர்டு அதுல அஞ்சு ஸ்கூல மூட வேணாம்னு திருப்பி ஓட்டுப் போட்டுச்சு. அவங்க பட்ஜெட் பிரச்சன அதோட தீர்ந்துடல, அதுவும் உண்மை. ஆனா அந்த அஞ்சு ஸ்கூலும் மூடாம தப்பிச்சுது. பே ஏரியா முழுக்க வீட்டு வெலயால சின்னப் புள்ளைங்க கொறஞ்சுட்டே போறாங்க, நம்ம ஊர்லயும் ஒரு நாள் இந்தக் கேள்வி வரலாம், வந்தப்பறம் ஸ்கூல் கேட் வாசல்ல நின்னு கத்தறதவிட இப்பலேர்ந்தே அந்த ரூம்ல நம்ம முகம் தெரிஞ்சிருக்கணும்.

மைக்ல பேச வரலன்னா வேற வழியும் இருக்கு. ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஸ்கூல் சைட் கவுன்சில்னு ஒண்ணு, எலிமென்டரில அதுல பாதிப் பேர் ஸ்கூல் ஆளுங்க, பாதிப் பேர் பெத்தவங்க, அந்த ஸ்கூலோட வருஷத் திட்டத்தயும் அதுக்கான செலவையும் அவங்கதான் பார்த்து ஒப்புதல் குடுக்கறாங்க. சிட்டிசனா இருக்கணும்னு இல்ல. ஈஎல் புள்ளைங்க 21 பேரோ அதுக்கு மேலயோ இருக்கற ஸ்கூல்ல அவங்க பெத்தவங்களுக்குன்னு தனிக் கமிட்டி, எலாக்னு சொல்வாங்க, அது கட்டாயம். நான் போன வருஷம் சைட் கவுன்சிலுக்கு நின்னேன், போட்டியே இல்ல, ஆள் கெடைக்காம ப்ரின்சிபல் ஃபோன் பண்ணிக் கேட்டுட்டிருந்தாங்க. வருஷத்துக்கு அஞ்சாறு தடவ, ஒரு மணி நேரம். அங்க உக்காந்தப்பறம்தான் எனக்கு அந்த ஸ்கூல்ல சாப்பாட்டு நேரத்துல நிக்கற மேற்பார்வை அம்மாக்களுக்கு எவ்வளவு கொறைச்சலான மணி நேரம்தான் ஒதுக்க முடியுதுன்னு தெரிஞ்சுது, பையன் கீழ விழுந்து அடிபட்டப்ப "யாருமே பார்க்கலியா"ன்னு நான் கோவப்பட்டதுக்கு அன்னைக்குத்தான் அர்த்தம் புரிஞ்சுது.

ஓட்டு இருக்கறவங்களுக்குத் தனியா ஒரு வார்த்த. சிட்டிசன்ஷிப் வாங்கி பல வருஷம் ஆச்சு, ப்ரெசிடென்ட் தேர்தலுக்கு ராத்திரி முழுக்க டிவி பார்க்கறீங்க, அதே ஓட்டுச் சீட்டுல கீழ ஸ்கூல் போர்டு பேரு இருக்கும், அத நிரப்பாம விட்டுடறீங்க. மனைக்கு இவ்வளவுன்னு போடற பார்சல் டாக்ஸ் மாதிரி விஷயத்துக்கு மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும், கட்டட வேலைக்குக் கடன் வாங்கற ஸ்கூல் பாண்டுக்கு 55 சதவீதம். 2014ல இந்த ஊர் ஜனங்க 650 மில்லியன் டாலர் பாண்டுக்கு ஓட்டுப் போட்டதாலதான் பழைய ஸ்கூல் கட்டடங்களச் சரி பண்ண முடிஞ்சுது, இன்னைக்கு நம்ம புள்ளைங்க உக்கார்ற எத்தனையோ ரூம் அந்தக் காசு. நாம அப்ப இந்த ஊர்லயே இல்ல, நெறைய பேர் இந்த நாட்டுலயே இல்ல. யாரோ போட்ட ஓட்டு.

போன வருஷம் அக்டோபர், அதாவது 2025ல, தீபாவளிய மாநில விடுமுறைப் பட்டியல்ல சேர்த்து கவர்னர் கையெழுத்து போட்டப்ப நம்ம க்ரூப்ல எல்லாம் ஒரே கொண்டாட்டம். அதுவும் தானா வரல, யாரோ வேலைய விட்டுட்டு மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோ வரைக்கும் போய் உக்காந்து பேசியிருக்காங்க. ஸ்கூலுக்கு அன்னைக்கு லீவு விடறதா வேணாமான்னு முடிவு பண்ற இடம் அந்தந்த ஊர் போர்டுதான்.

ஒவ்வொரு ஜூன்லயும் டிஸ்ட்ரிக்ட் தன்னோட காசு எதுக்குப் போகுதுங்கற திட்டத்த, எல்கேப்னு சொல்றாங்களே அத, பொதுக் கூட்டத்துல வெச்சுக் கருத்துக் கேட்டே ஆகணும், ஜூலை 1க்குள்ள முடிக்கணும். நீளமான டாக்குமென்ட், நான் எல்லாத்தையும் படிக்கல, ஈஎல் புள்ளைங்க பகுதியும் வருகைப் பகுதியும் மட்டும் படிச்சு குறிப்பு எடுத்து வெச்சிருக்கேன். கேள்வி மூணு எழுதியிருக்கேன், ரெண்டு நிமிஷத்துல ஒரு ஆளால மூணும் கேக்க முடியாது, ஆளுக்கு ஒண்ணா பிரிச்சுக்கணும். கூட்டத்தன்னைக்கு புள்ளைங்கள எங்க வீட்ல விட்டுடலாம், எங்க மாமியார் பார்த்துக்கறேன்னு சொல்லிட்டாங்க, தோசை மாவும் அரைச்சு வெக்கறாங்களாம். என் வண்டில இன்னும் அஞ்சு பேருக்கு இடம் இருக்கு, ஆர்டன்வுட்லேர்ந்து ஆறு மணிக்குக் கெளம்பறேன்.